மூலிகைக்காரிக்குக் குறைத்துக் கொடுத்த காசு

போன கிழமை தங்கச்சியின் மகன் கேட்டான், "மாமா, நீங்கள் விளையாடின கேமுகளில எது திறம்?" 1985 இல் வந்த அல்ரிமா 4 என்றேன். இணையத்தில் அதன் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கட்டங்கட்டமாய்ப் புல்லு, குச்சி மாதிரி மனிதர்கள். அவனில் பிழையில்லை. அவனுக்குச் சொல்ல வந்து பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

றோல் பிளேயிங் கேம் கொம்பியூட்டரில் பிறந்ததல்ல. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்ணசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் தொடக்கம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைத்துக் கதைத்து விளையாடுவது. சண்டை வந்தால் தாயக்கட்டை மாதிரியான கட்டைகளை உருட்டுவார்கள். கொம்பியூட்டருக்குக் கதைக்கத் தெரியாது, கணக்குப் பார்க்கத் தெரியும். ஆகவே அது முதலில் எடுத்துக்கொண்டது கணக்கை மட்டும்தான். 1981 இல் வந்த விசார்ட்றி, முதலாவது அல்ரிமா இரண்டுமே அப்படித்தான். கொல்லு, காசு எடு, பலமாகு, பிறகு பெரியதைக் கொல்லு.

அல்ரிமாவைச் செய்தவர் றிச்சர்ட் கரியொட். தகப்பன் ஓவன் கரியொட் விண்வெளி வீரர். மகன் ரெக்சாஸில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேம் எழுதத் தொடங்கியவர். 1983 இல் ஒறிஜின் என்ற சொந்தக் கொம்பனியைத் தொடங்கிய பிறகுதான் விளையாடியவர்களின் கடிதங்கள் நேரே அவர் கைக்கு வந்தன. உலகத்தைக் காப்பாற்ற வந்த வீரர்கள் கடைகளில் களவெடுத்து, ஊர்ச்சனங்களையும் கொன்றுதான் வென்றிருந்தார்கள். கேம் அதைத் தடுக்கவில்லை. உண்மையில் அதுதான் சுலபமான வழியாகவும் இருந்தது.

அதற்கு அவர் கொடுத்த பதில்தான் அல்ரிமா 4. முந்தின மூன்றிலும் கடைசியில் அழிக்க ஒரு வில்லன் உண்டு. இதில் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களிலும் தேறி 'அவதாரம்' ஆகவேண்டும். ஓம், எங்கள் கோயில்களில் கேட்ட அதே சொல்தான்.

தொடக்கத்திலேயே, எங்கள் ஊர்க் குறத்தி மாதிரி ஒரு ஜிப்சிப் பெண் வந்து இரண்டிரண்டு அறங்களை மோதவிட்டுக் கேள்வி கேட்பாள். உண்மையா, இரக்கமா? சரியான விடை என்று ஒன்றில்லை. சொல்கிற விடைகளை வைத்து நீ யாரென்று அவள் தீர்மானிப்பாள். பணிவு மிஞ்சினால் நீ இடையன், எட்டு வகையிலும் பலம் குறைந்தவன். உண்மையைச் சொன்னால் தன்னோடு வந்தவனுக்குக் கெடுதல், சொல்லாவிட்டால் தனக்கு என்று அகதி விசாரணை மேசையில் ஒருதடவையாவது இருந்தவருக்கு அந்தக் கேள்விகள் புதிதில்லை.

நான் அதை விளையாடியது 1991 இல், ஜேர்மனியில் அகதி விடுதியில். ஒரு நண்பர் தந்த பழைய கொம்பியூட்டர், பக்கத்தில் ஆங்கில அகராதி. மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்பவள் பார்வையில்லாத பெண். விலையைச் சொல்லிவிட்டு எவ்வளவு தருகிறாய் என்று கேட்பாள். தொகையை நாங்கள்தான் தட்டவேண்டும். நான் ஒரு காசு கொடுத்தேன். மூலிகை கிடைத்தது. கேம் மூச்சுக் காட்டவில்லை. கெட்டித்தனம் என்று நினைத்து நாள் கணக்காக அதையே செய்தேன்.

அரசரின் கோட்டையில் ஹோக்விண்ட் என்றொரு ஞானி இருக்கிறார். எந்த அறத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று சொல்வார். நேர்மையைப் பற்றிக் கேட்டேன். கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த அறையில் நான் தனிய இருந்தேன், ஆனாலும் வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு காசையும் அது எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது! அடிக்கவும் கொல்லவும் பயன்பட்ட அதே கணக்கு மூளையை, கரியொட் மனச்சாட்சியாக மாற்றிவிட்டார்.

குறையில்லாத கேம் என்று சொல்லவரவில்லை. பிச்சைக்காரருக்கு ஒவ்வொரு காசாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கருணையைக் கூட்டிவிடலாம். புண்ணியம் சேர்க்கத் தட்டில் சில்லறை போடுகிற பக்தியைப் போல. ஆனால் அந்த ஓட்டைகூட யோசிக்க வைத்தது.

பின்னாளில் இதே பாதையில் போனவை உண்டு. 1999 இல் வந்த பிளேன்ஸ்கேப் ரோர்மென்ற்றில் நாயகன் பிணவறையில் கண்விழிப்பான். பெயரும் நினைவும் இல்லை, சாகவும் மாட்டான். முந்தின பிறப்புகள் மாதிரியான காலங்களில் தான் செய்த கொடுமைகளைத் தேடித்தேடி அறிவான். வந்த நேரத்தில் பெரிதாக விலைப்படவில்லை. 2019 இல் எஸ்தோனியாக்காரர் செய்த டிஸ்கோ எலிசியத்தில் தனியான சண்டை முறையே இல்லை, எல்லாம் பேச்சுத்தான். கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பிறந்த கேம், மேசையில் விட்டுவந்த கதைபேச்சை நாற்பது வருசம் கழித்து மீட்டுக்கொண்டது.

என்னைக் கேட்டால் படம், சண்டை, உலகத்தின் பருமன் எல்லாம் பழசாகிவிடும். 'நீ செய்ததை நீ பார்' என்று திருப்பிக் காட்டுகிற கேம்தான் காலம் கடந்து நிற்கும்.

அன்றைக்கு நான் முதலிலிருந்து திரும்பத் தொடங்கினேன். மூலிகைக்காரிக்கு ஒரு சதமும் குறைக்கவில்லை. திருந்தினேனா, எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததால் பயந்தேனா? மருமகனிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.