முதற்பதிப்பை எதனோடு ஒப்பிடுவது?

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே நீர்வேலியைத் தாண்டினால் சிறுப்பிட்டி வரும். பழந்தமிழ் ஏடுகளை அச்சிற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) பிறந்த ஊர் அது. இளவயதில் அவர் ஆசிரியராயிருந்தது கோப்பாயில். இப்பகுதி விழா மேடைகளில் அவரைப் பற்றி இரண்டு செய்திகள் தவறாமல் ஒலிக்கும்: 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர், எட்டுத்தொகை நூல்களுள் கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றியவர். இரண்டும் உண்மை. ஆனால் முன்னது பதிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பின்னது காலத்தைச் சொல்கிறதேயன்றித் தரத்தைச் சொல்வதில்லை. எண்ணிச் சொல்ல எளியதாயிருப்பதாலேயே ஒன்று அளவுகோலாகிவிடுகிறது.

அவரைக் குறைகூறுவோர் அளவுகோலாகக் கொள்வது பதிப்பில் உள்ள பிழைகளை. அவர்களுக்கு வலுவான சான்று அவர் 1885இல் வெளியிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரம். ஒன்பது இயல்களின் உரையும் நச்சினார்க்கினியருடையதென்றே அது அச்சாயிற்று. மெய்ப்பாட்டியல் முதலான இறுதி நான்கு இயல்களுக்கும் அதில் உள்ளது பேராசிரியர் உரை என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் செந்தமிழ் இதழில் எடுத்துக்காட்டினார். உரையாசிரியர் பெயரையே மாற்றி அச்சிடுவது சிறிய பிழையன்று. ஏடுகள் செல்லரித்திருந்தன, அவர் கைப்பணம் செலவிட்டார் என்று யாழ்ப்பாணத்தார் உடனே சமாதானம் சொல்வோம். அவையெல்லாம் பிழை நேர்ந்த காரணத்தை விளக்கலாம், பிழையைச் சரியாக்கமாட்டா. மனிதரின் உழைப்புக்கு உரிய மதிப்பை நூலின் திருத்தத்துக்கு ஏற்றிவிடுவது நம்மவர் வழக்கம். இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்ல.

இதைவிட நுட்பமான அநீதி ஒப்பீட்டில் இருக்கிறது. பதிப்பாசிரியர் என்றதும் உ. வே. சாமிநாதையரே நம் மனத்தில் உரைகல்லாக நிற்கிறார். அவருடைய சீவக சிந்தாமணி முதற்பதிப்பும் கலித்தொகை வந்த அதே 1887இல்தான் வெளிவந்தது. ஆனால் நாம் புரட்டுவதும் போற்றுவதும் ஐயர் தம் கையாலேயே திருத்திய பிற்பதிப்புகளை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. இடையில் இருபது ஆண்டுகள். புதிய ஏடுகளும் பிறர் சுட்டிய திருத்தங்களும் சேர அந்த இடைவெளி இடங்கொடுத்தது. ஐயர் 1942 வரை வாழ்ந்தார். ஆகவே ஒருவரின் முதல் முயற்சியை இன்னொருவரின் முதிர்ந்த பதிப்போடு நிறுத்துப் பார்த்துவிட்டு, தராசு சாய்ந்ததைத் தீர்ப்பென்கிறோம். 1885ஐ 1887ஓடு வைத்துப் பார்க்கலாம், 1907ஓடு வைக்கலாகாது.

அப்படியானால் முதற்பதிப்புக்கு எது தகுந்த அளவுகோல்? அடுத்து வருபவர் அதைக்கொண்டே அதைத் திருத்த முடிகிறதா என்பதே என் விடை. தாமோதரம்பிள்ளை உரையைச் சுருக்கவில்லை, முழுவதும் அச்சிட்டார். ஏடுகளின் சிதைவைப் பதிப்புரைகளில் மறைக்காமல் எழுதினார். பொருளதிகாரத்தின் பிற்பகுதி நடையும் கருத்தும் நச்சினார்க்கினியருடையனவல்ல என்று ஒருவர் ஆராய்ந்து காண, அந்த உரை அச்சில் கிடைத்தமை பெரிதும் துணைநின்றது. இவ்வளவுகோலின்படி அட்டைப்பெயர் பிழை, பதிப்பு வெற்றி. இவ்விரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே மதிப்பெண் ஆக்கவேண்டியதில்லை.

தாமோதரம்பிள்ளை 1901 சனவரி 1ஆம் நாள் காலமானார். இராகவையங்காரை முதல் ஆசிரியராகக் கொண்ட செந்தமிழ் 1902இல்தான் தொடங்கியது. ஆகவே அதில் வந்த திருத்தத்தைக் காண அவருக்கு வாய்ப்பிருக்கவில்லை.