சனிக்கிழமை மட்டும்தான் சார்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் அவன் மகனுக்கு வயது 21. ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு மிக அதிகமாம், ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பாம். "அவன் குடிகாரன் இல்ல சார். சனிக்கிழமை மட்டும்தான்" என்றான். அந்த "மட்டும்தான்" என்னைத் தூங்கவிடவில்லை.

இதில் நம் சேலம் மாவட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இங்கேதான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். (கடை திரும்பி வந்த பிறகும் அந்த வரி போகவில்லை!) 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியபோது, 92 வயது ராஜாஜி நேரில் போய்க் கேட்டும் பலனில்லை. 1974-ல் மறுபடி மதுவிலக்கு, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி தளர்வு, 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே.

1971-ல் எங்கள் ஊரில் சாராயக்கடை திறந்தபோது நான் சிறுவன். அங்கே போனவர்கள் கூலி வேலை முடித்து வந்த பெரியவர்கள். மேடைப் பேச்செல்லாம் அந்தக் கூலியையும், வீட்டில் காத்திருந்த பெண்களையும் பற்றித்தான். நானும் வகுப்பில் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன். விடுதி அறையில் படிக்கிற பிள்ளை குடிப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது என் குறைதான்.

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரைக்குக்கூட 4தான். ஆக 400 கலோரிக்கு மேல். பரோட்டாவும் சிக்கனும் தனி. ஆல்கஹாலைச் சேமித்துவைக்க உடம்பில் இடமில்லை. கல்லீரல் மற்ற வேலையைத் தள்ளிவைத்து அதைத்தான் முதலில் எரிக்கும். எரிய வேண்டிய கொழுப்பு அங்கேயே தங்கும். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே ராத்திரியில் நான்கைந்து ரவுண்டு போவதும் அதிகக் குடிதான். தள்ளாட்டம் மறுநாள் போய்விடும், கொழுப்பு வலியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது சட்டம். இவன் தொடங்கியது முதல் வருஷம், 18-ல்.

பையனிடம் பேசினேன். திட்டவில்லை. இப்போதே நிறுத்தினால் கொழுப்பு கரையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. "நானும் கூட வர்றேன்டா" என்று சொல்லியிருக்கிறேன்.