தென்காசிக் கோபுரமும் நம் பங்கின் ஜூபிலியும்



ஆனி பிறந்து மேற்கே மேகம் திரண்டுவிட்டால் போதும், நம் பங்கில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "குற்றாலத்தில் சாரல் விழுந்தாச்சா? அருவியில் தண்ணீர் எப்படி?" வேன் பிடித்து, புளியோதரை கட்டி, பாட்டி முதல் பேரக்குழந்தை வரை குடும்பமாகப் புறப்பட்டு விடுகிறோம். குளிக்கிறோம், சாப்பிடுகிறோம், மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். வழியில் தென்காசி வருகிறது, ஓர் உயர்ந்த கோபுரம் தெரிகிறது. "அதோ கோபுரம்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதோடு சரி. வண்டி கடந்துவிடுகிறது.

ஜூபிலி ஆண்டில் அந்தக் கோபுரத்தின் கதையை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம். அது ஒரு மன்னனின் கதை மட்டுமன்று. கட்டியவர்கள் மறைந்த பின் கட்டியதைக் காப்பவர் யார் என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி நம் பங்கையும் விட்டுவிடவில்லை.

சிற்றாற்றங்கரை ஊர்

தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்கிறது. அதனால் ஆனி, ஆடி மாதங்களில் தமிழகத்தின் பெரும்பகுதி வெயிலில் காய்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலை சற்றுத் தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்றும் மேகமும் சாரலும் இப்பக்கம் நுழைகின்றன. தென்காசிக் கோபுர வாசலில் நிற்பவர்களின் மேல்துண்டைப் பறிக்கிற காற்று இந்தக் காற்றுதான்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு பேரருவியாக விழுந்து, மேலகரத்தையும் தென்காசியையும் தழுவி, கிழக்கே ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து நேராக விழுந்தால் அடியில் மனிதன் நிற்க முடியாது. இடையில் பாறையைக் குடைந்த 'பொங்குமாங்கடல்' என்ற ஆழ்ந்த பள்ளம் அந்த வேகத்தைத் தாங்கிக்கொண்டு, பின்பு பொங்கி வழியும் நீரை நமக்கு அனுப்புகிறது. நம் தலையில் விழுவது வேகம் தணிந்த தண்ணீர். படைத்தவரின் பரிவை நினைக்க இதுவும் ஓர் இடம்.

பாண்டியர் ஏன் இங்கே வந்தனர்?

மதுரையை ஆண்ட பாண்டியருக்குத் தென்காசியில் என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்னும் உடன்பிறந்தார் இருவர் அரியணைக்காகப் போரிட்டனர். வீடு பிளவுபட்ட நேரத்தில், 1311இல் மாலிக் கபூரின் படை மதுரைமீது வந்தது. பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. 1371ஐ ஒட்டி விஜயநகரத்துக் குமார கம்பணர் அதை வென்றார். ஆனாலும் மதுரை பழையபடி பாண்டியர் கைக்குத் திரும்பவில்லை. அவர்கள் தெற்கே ஒதுங்கி, பொதிகையின் நிழலிலிருந்த இப்பகுதியில் சிற்றரசர்களாய் வாழ்ந்தனர். சகோதரர் சண்டை ஒரு பெருங்குடும்பத்தை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதைக் குடும்பத் தலைவர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த வழியில் வந்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். வடக்கே காசிக்குப் போக வசதியில்லாத ஏழை மக்களும் தொழுவதற்குத் தெற்கே ஒரு காசி வேண்டும் என்று அவன் விரும்பினான் என்பர். 1446இல் காசி விசுவநாதர் கோவில் திருப்பணி தொடங்கியது. சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் கோபுர வேலை தொடங்கியது. கோபுரம் முடியுமுன்பே, 1463இல், மன்னன் காலமானான். அவன் தம்பி குலசேகர பாண்டியன் அதைக் கட்டி முடித்தான்.

வணங்கிய மன்னன்

அந்தக் கோவிலில் பராக்கிரம பாண்டியன் பெயரால் தமிழ்ச் செய்யுள்களாகவே கல்வெட்டுகள் உள்ளன. மன்னர் கல்வெட்டுகளில் பொதுவாக என்ன இருக்கும்? வென்ற நாடுகள், கொடுத்த நிலங்கள், தீங்கு செய்வோருக்குச் சாபம். ஆனால் இங்குள்ள ஒரு செய்யுளின் கருத்து வேறு விதமானது. இக்கோவிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேர்ந்தால், அதைச் சரிசெய்து காக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்களை உலகறியத் தான் பணிவதாக மன்னன் சொல்லுகிறான்.

இன்னும் பிறவாத மனிதர்களை ஒரு முடிமன்னன் வணங்குகிறான்! தன் மகனா, தன் குலத்தவனா, தன்னை வென்ற பகைவனா என்று அவன் கேட்கவில்லை. காப்பவன் எவனோ அவனுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. தன் ஆயுள் சிறியது, தான் தொடங்கிய பணி பெரியது என்பதை அறிந்தவன் பேசும் பேச்சு இது.

தாவீது அரசரும் ஆண்டவருக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். அவருக்கு அது கொடுத்து வைக்கவில்லை. மகன் சாலமோன் கட்டினார். மோயீசன் வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேலிருந்து பார்த்தார், உள்ளே நுழையவில்லை. இறைவனின் வேலைகளில் தொடங்குகிறவரும் முடிக்கிறவரும் ஒருவராகவே இருப்பது அரிது.

மன்னன் அஞ்சியபடியே பழுது வந்தது. கோபுரம் சிதைந்து, நடுவே பிளந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. நாம் சிறுவராய் இருந்தபோது கண்டதும் அந்தப் பிளந்த கோபுரத்தைத்தான். வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு கற்குவியல்போல் அது நின்றது. இனி இதை யார் கட்டப் போகிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் 1990இல் ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. மன்னன் வணங்கிய ஆட்கள் ஏறத்தாழ ஐந்நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார்கள்!

நாம் போய்ப் பார்க்கலாமா?

"சாமி, வேறு சமயத்தார் கோவிலை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று சிலர் கேட்டதுண்டு. கேட்பது நல்லதே. கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் தந்த அறிக்கையில், அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவை எவற்றையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று கற்பித்தது. நம் விசுவாசத்தில் உறுதியாய் நின்றுகொண்டே, அயலாரின் பக்தியையும் உழைப்பையும் மதிக்கலாம். அந்த இடத்தின் ஒழுங்கு எதுவோ அதைக் காத்து, அமைதியாக நின்று பார்த்து வாருங்கள். நம் திருவிழாத் தேரை அயலார் வணங்கி வழிவிடும்போது நாம் மகிழ்கிறோம் அல்லவா?

மலைக்கு இருபுறமும் தமிழ்

தென்காசிப் பாண்டியர் காலமும் நம் முன்னோர் விசுவாசம் பெற்ற காலமும் ஒன்றே என்பதைப் பலர் அறியார். பாண்டியர் தளர்ந்து, வேணாடும் வடுகர் படையும் மோதிக்கொண்ட நாள்களில் அடிபட்டவர்கள் கடற்கரை ஏழைகள். 1544 ஜூனில் வடுகர் படைக்கு அஞ்சிக் கன்னியாகுமரிப் பாறைகளில் ஒதுங்கிய நம் மக்களுக்கு உணவும் நீரும் கொண்டு, புனித சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைத் தடுத்தது. பின்பு அவர் கால்நடையாகவே சென்றார்.

1564இல் அரியணை ஏறிய அதிவீரராம பாண்டியன் புலவன். நைடதமும் காசிக் காண்டமும் பாடியவன் அவனே. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வெற்றி வேற்கையும் அவனுடையதே. அவன் இங்கே ஆண்டுகொண்டிருந்தபோது, 1578இல், அதே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் எட்டும் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பாரத நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பதினாறே பக்கம். மலைக்குக் கிழக்கே மன்னன் ஏட்டில் தமிழ் எழுதினான், மலைக்கு மேற்கே குரு ஒருவர் ஈய எழுத்தில் தமிழைக் கோத்தார்.

அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்தது புன்னைக்காயலில். அவ்வூர் தாமிரபரணி கடலில் சேரும் இடம். குற்றாலத்தில் நம் தலையை நனைத்த தண்ணீர் தென்காசி வழியாய், சீவலப்பேரி வழியாய்ப் போய்ச் சேருவது அங்கேதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அருவிக்கும் நம் வேதத்துக்கும் ஆற்று வழியாகவே ஓர் உறவு உண்டு.

குற்றாலத்தில் பிற காட்சிகள்

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சி இம்மலையைத் தமிழ் உள்ள மட்டும் வாழவைத்தது. கும்பினியார் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டுப் பார்த்தனர். 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சி. தம் கடைசி ஆண்டுகளில் இங்கே வாழ்ந்து, வருவோர்க்கெல்லாம் கம்பனை விருந்தாக வைத்தார். 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் ஓடிற்று. அந்தப் பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2018இல் மீண்டும் திறந்தது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலும், காவலர் குரல் கொடுத்தாலும், "இன்னும் ஒரு நிமிடம்" என்று நிற்காமல் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். சோப்பும் எண்ணெயும் அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள். கீழே அந்த ஆற்றை நம்பி வயலும் ஊரும் இருக்கின்றன.

நம் பங்குக்கு வருவோம்

ஜூபிலி மலர்களில் கட்டியவர்களின் பெயர்கள் வருகின்றன. அடிக்கல் நாட்டியவர், மந்திரித்தவர், நன்கொடை தந்தவர் எல்லோரும் கல்லில் இருக்கிறார்கள். ஆனால் ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றியவர் யார்? ஐம்பது ஆண்டு பீடத்துணி துவைத்த தாய்மார் யார்? அதிகாலை மணி அடித்த உபதேசியார் யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பராக்கிரம பாண்டியன் வணங்கியது இத்தகையோரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் பெரியவர்களின் தலைகளே அதிகம். ஞானஸ்நானப் பதிவேடுகளின் பழைய தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. ஒரு கோபுரம் இடியோசையோடு விழுந்தால் ஊர் கூடும். ஒரு பங்கு சரிவது சத்தமில்லாமல் நடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனவே இந்த ஜூபிலி ஆண்டில் உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் தன் மூத்தவர்களிடம் கேட்டு, இப்பங்கோடு தங்களுக்குள்ள தொடர்பை இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள். பழைய பதிவேடுகளைப் படி எடுக்கும் பணிக்கு இளைஞர் ஐந்து பேர் முன்வாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு விழாவுக்குப் பணம் அனுப்பச் சொல்லி மட்டும் எழுதாமல், ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளோடு வந்து இந்த ஆலயத்தில் முழந்தாளிடவும் சொல்லி எழுதுங்கள்.

சமாரியாவில் ஆண்டவர் தம் சீடருக்கு, பிறர் பாடுபட்டதன் பலனில் நீங்கள் பங்கு பெறுகிறீர்கள் என்று நினைவூட்டினார். நாமும் அப்படியே பெற்றவர்கள். பெற்றதைப் பழுதின்றி ஒப்படைக்கவும் கடமைப்பட்டவர்கள். இந்த ஆலயத்தை நமக்கு முன் காத்தவர்களுக்கு நன்றியும், இனிமேல் காக்கப் போகிற நம் பேரப்பிள்ளைகளுக்கு வணக்கமும் கூறி, உங்கள் குடும்பங்கள் அனைத்தின்மீதும் இறைவனின் ஆசீரை இறைஞ்சுகிறோம்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குக் குரு