லொறியில் கூட வர ஒரு நாய்: எதைத் தெரிவு செய்வது?

வவுனியாவிலிருந்து தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் மரக்கறி லொறி ஓட்டும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் கேட்டார்: "மச்சான், லொறியில வச்சிருக்க ஒரு நாய் எடுக்கப்போறன். அல்சேஷன் நல்லதா, லப்ரடோர் நல்லதா?" வாரத்தில் நான்கு இரவாவது அவர் லொறியிலேயே உறங்குகிறார். வீதியோரம் நிறுத்தியிருந்தபோது இரண்டு தடவை பற்றரி களவு போயிருக்கிறது. அதைவிட, பேச்சுத்துணைக்கு ஒன்று வேண்டும் என்றார்.

அவருடைய குடும்பம் 1977 வன்முறைக்குப் பிறகு மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்கு வந்தது. 2009இன் தொடக்கத்தில் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தபோது வீட்டு நாய் உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடிவந்தது. எதுவரை வந்தது என்று அவர் இதுவரை சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும்போது எங்கள் வீட்டிலும் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். இதை வாசிக்கிற பலரிடம் இப்படி ஒரு நாய் இருக்கும். ஆகவே நண்பரிடம் இனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கைச் சொன்னேன்: நீ ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய எடை எவ்வளவோ, நாயும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். நடுத்தர ஆளுக்கு 15 கிலோ, மிஞ்சினால் 18.

இந்தக் கணக்கிலேயே அல்சேஷனும் லப்ரடோரும் விழுந்துவிடுகின்றன. இரண்டும் வளர்ந்தால் 25 கிலோவுக்கு மேல் போகும். இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. லொறியின் முன்பகுதி தரையிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் இருக்கும். நாளுக்குப் பத்துத் தடவை ஏறிக் குதித்தால் அந்த மூட்டு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். அல்சேஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு, எந்த நாய் நூலிலும் அது இருக்காது. சோதனைச் சாவடியில் பொதியைத் திறந்து வைத்துவிட்டு மோப்ப நாயின் முன் நின்ற தலைமுறைக்கு அது வெறும் நாயல்ல. சாமான் இறக்கப்போகும் கடையில் ஒரு வயதான அம்மா அதைக் கண்டு உறைந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் வீதிக்கு அறவே ஆகாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் சற்று வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. மூக்கும் தொண்டையும் குறுகிய நாயால் அது முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 பாகை கூடிவிடும். மாத்தளையில் இதமாக இருக்கும் காலைநேரம், நாலந்தாவைத் தாண்டித் தம்புள்ளைக்கு இறங்கும்போது வேறு காலநிலையாகிவிடுகிறது. பொமரேனியனின் அடர்ந்த முடியும் இங்கே சுமைதான். டாஷண்ட் தூக்க வசதியானது, ஆனால் நீண்ட முதுகெலும்பு. குதிக்கக் குதிக்க வட்டு விலகிப் பின்கால் இழுபடும்.

வீதிக்கென்றே பெயர்பெற்ற இனம் டால்மேஷன். இங்கிலாந்தில் குதிரை வண்டிகளுக்குப் பக்கத்தில் ஓடிக் காவல் காத்த நாய். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த இனத்தில் கணிசமான குட்டிகள் ஒரு காதோ இரண்டு காதுமோ கேளாமல் பிறக்கின்றன. ஹோர்ன் சத்தம் கேளாத நாயை ஏ9 வீதியில் இறக்கிவிட முடியுமா? தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வெயிலைத் தாங்கும், முடி குட்டை, உடல் மெலிவு. நம்மவர்களுக்கு அவற்றின் மீது ஒரு பெருமையும் உண்டு. ஆனால் அவை கண்ணால் கண்டதைத் துரத்தும் வேட்டை நாய்கள். வீதியின் மறுகரையில் ஓர் உடும்பு அசைந்தால் போதும்.

மிஞ்சுவது ஊர் நாய். குட்டை முடி, நிமிர்ந்த காது, நீண்ட மூக்கு, பெரும்பாலும் 12 முதல் 18 கிலோ. சோறும் மீன்தலையும் போட்டால் போதும். இதற்கு ஊரில் ஒரு சாதிப் பெயர் வழங்குகிறது. ஆங்கிலேயரும் அதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதை நான் எழுதுவதில்லை. யாரும் திட்டமிட்டு வளர்க்காமல், வெயிலும் பசியும் வாகனமும் வடிகட்டி மிச்சம் வைத்த நாய் இது. என் தெரிவு இதுதான்.

ஆனால் எந்த ஊர் நாயும் லொறிக்குச் சரிவராது. குட்டி எடுப்பதாயின் எட்டு வாரத்துக்குப் பிறகு எடுங்கள். ஏறத்தாழ 14 வாரம் வரை அது கேட்கிற, பார்க்கிற எதுவும் அதற்குப் பழகிவிடும். எஞ்சின் சத்தம், ஹோர்ன், சாக்கு மூட்டை விழும் ஓசை எல்லாம் அதற்குள் பழக வேண்டும். தெரிவு செய்யும்போது பக்கத்தில் ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். பயந்து ஓடி, பிறகு என்னவென்று பார்க்கத் திரும்பி வருகிற குட்டிதான் வேண்டும். ஓடியே போகிற குட்டியும், சத்தத்துக்குத் திரும்பாத குட்டியும் வேண்டாம். இதைவிட இலகுவானது, ஒரு வயது கடந்த நாயை எடுப்பது. தம்புள்ள விசேட பொருளாதார மத்திய நிலையம் போன்ற இடங்களில் லொறிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த நாய்கள் இருக்கின்றன. யாருடைய நாய் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கருத்தடை செய்த பெட்டை என்றால் இன்னும் நல்லது. கருத்தடை செய்யாத நாய் ஆணானாலும் பெண்ணானாலும் ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு சண்டை, ஒரு காயம். புணர்ச்சியால் பரவும் ஒருவகைப் புற்றுநோயும் தெருநாய்களிடம் உண்டு.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடாவருடம் போட வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோர் இந்த நோயால் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளுக்கு இறங்கியதற்கு நாய்களுக்குப் போட்ட ஊசியே முக்கிய காரணம். ஊசி அட்டையை வாகனக் காப்புறுதிப் பத்திரத்தோடு வையுங்கள். நாய் யாரையாவது பல்லில் பிடித்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது அதுதான். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாயை உள்ளூராட்சி சபையில் பதிவு செய்யச் சொல்லும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பலர் செய்வதில்லை, ஊர் ஊராகப் போகிறவர் செய்துவைப்பது நல்லது.

பின்பெட்டியில் கழுத்துக் கயிற்றால் கட்டாதீர்கள். வளைவில் நாய் வெளியே பாய்ந்தால் கயிற்றிலேயே தொங்கிச் செத்துவிடும். முன்பகுதியில், நெஞ்சைச் சுற்றிப் போடும் வாரில் கட்டுங்கள். இரவில் சீகிரியா, ஹபரணைப் பக்கம் நிறுத்தினால் அவிழ்த்துவிட வேண்டாம். யானையைக் கண்டு குரைக்கிற நாய் கடைசியில் உங்களிடம்தான் ஓடிவரும், யானையும் பின்னாலேயே வரும். நக்கிள்ஸ் அடிவாரத் தோட்டங்களில் சிறுத்தைக்கு நாய் ஓர் இலகுவான இரை.

பெரிய வெங்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தம்புள்ள, கலேவெல பகுதி அதற்குப் பெயர்போனது. லொறி முழுக்க அதே மணம். வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் மூன்றும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து விழும், முரசு வெளிறும். மிச்சக் கொத்துரொட்டியை நாய்க்கு வைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. விடுங்கள்.

கடைசியாக நண்பரிடம் கேட்டேன்: லொறியை விற்றால் நாய் எங்கே போகும்? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பல வருடங்களாக வீட்டில் நாயே வேண்டாம் என்றிருந்தவர், "பெட்டையெண்டா பரவாயில்லை" என்றாராம்.

இப்போது லொறியில் கபில நிறப் பெட்டை ஒன்று இருக்கிறது, 14 கிலோ. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் ஏற மறுக்கிறது. நண்பர் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, தூக்கி வைக்கிறார்.