தோலின் எல்லை: பாலக்காட்டு மிருதங்கமும் நனிசைவத்தின் கேள்வியும்

மிருதங்கத்தில் மூன்று விலங்குகள் இருக்கின்றன. பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் சேர்ந்தே அதன் இரு தலைகளும் அமைகின்றன. அவற்றை இழுத்துப் பிணைக்கும் வார் எருமைத் தோல். இக்கருவியைப் பெரும்புகழுக்கு உயர்த்தியவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்ணாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாலக்காட்டின் கல்பாத்தி, சாத்தபுரம் போன்ற தமிழ் அக்ரகாரங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. தட்டில் விழக்கூடாத மாடு மடியில் அமர்ந்தது. அதை முரண் என்று எவரும் எண்ணவில்லை. ஏன் எண்ணவில்லை என்பதுதான் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு இன்று கூர்மை தந்திருப்பது நனிசைவம். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் அவருடைய தோழர்களும் பாலையும் முட்டையையும் விலக்கிய சைவத்துக்கு ‘வீகன்’ என்று பெயரிட்டுத் தனிச் சங்கம் கண்டனர். 1979இல் அச்சங்கம் வகுத்த வரையறை, உணவுக்கோ உடைக்கோ வேறெதற்கோ விலங்கைச் சுரண்டுவதை ‘இயன்ற அளவும் நடைமுறைக்கு ஒத்த அளவும்’ விலக்கும் வாழ்முறை என்கிறது. உணவோடு நிற்காமல் தோல், பட்டு, கம்பளி, தேன் என்று அது விரிகிறது. ஆயினும் ‘இயன்ற அளவு’ என்ற தொடர் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எது இயலும், யாருக்கு இயலும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பாலக்காட்டில் இவ்வினா புதிதன்று. வேறு சொற்களில் அது முன்பே எழுந்து, வேறு வகையில் தீர்க்கப்பட்டிருக்கிறது.

பாலக்காட்டு நகரத்துக்குத் தெற்கே பெருவெம்பு என்ற ஊர். மிருதங்கம், மத்தளம், செண்டை, திமிலை, இடக்கை ஆகிய கருவிகளைப் பரம்பரையாகச் செய்துவரும் கொல்லர் சமூகக் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. பலாமரத்தைக் குடைவதும் தோலைப் பதப்படுத்தி மூட்டுவதும் அவர்கள் தொழில். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோயில் பஞ்சவாத்தியம் முதல் சபா மேடை வரை ஒலிப்பது இத்தகைய ஊர்களின் உழைப்பு. கொன்றவர் ஒருவர், உரித்தவர் ஒருவர், பதப்படுத்தி மூட்டியவர் மற்றொருவர். வாசித்தவர் கைக்கு வரும்போது அது தோலாக இல்லை. வாத்தியமாகிவிட்டது, பூசைக்கும் உரியதாகிவிட்டது. அக்ரகாரத்தின் அகிம்சை வாயருகே எல்லை வகுத்தது. அந்த எல்லையைக் காத்தது சாதியடிப்படையிலான தொழிற்பிரிவினை. 1924இல் கல்பாத்தித் தெருவில் நடக்க முயன்ற ஈழவர்கள் தடுக்கப்பட்ட நிகழ்ச்சியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். தோற்கருவிக்குத் தடையின்றித் திறந்த தெரு மனிதர் சிலருக்கு மூடியிருந்தது.

அதே ஆண்டுகளில் அப்பகுதியிலிருந்து புறப்பட்டவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). சாத்தபுரம் சுப்பையரிடம் தொடங்கித் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றவர்; செம்பை வைத்தியநாத பாகவதருக்கு இளம்வயதிலேயே வாசித்தவர்; 1966இல் சங்கீத கலாநிதி ஆனவர். ஒலிபெருக்கியை அவர் விரும்பவில்லை என்பது இசையுலகம் அறிந்த செய்தி. மின்சாரத்தின் துணையின்றி அரங்கின் கடைசி வரிசைவரை நாதம் செல்ல வேண்டுமானால், அந்தப் பாரம் முழுவதும் தோலின்மீதே விழும். ஆகவே தஞ்சைத் தலித் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து போன்ற கைவினைஞரின் தேர்வும் நுட்பமும் அவருக்கு இன்றியமையாதவையாயின. மிருதங்க மேதைமை என்று வரலாறு குறித்து வைத்ததில் பாதி, பெயர் குறிக்கப்படாத இக்கைகளுக்கு உரியது.

தோலில் உயர்வு தாழ்வு உண்டு. நோயிலோ முதுமையிலோ தானாக இறந்த மாட்டின் உடலில் குருதி வடியாமல் தங்கிவிடும். தோலில் நரம்புத் தடம் படியும். அழுகலும் விரைந்து தொடங்கும். தோல் பதனிடுவோர் எந்நாட்டிலும் அறிந்தது இது. காந்தி எல்லை வகுத்த இடம் சரியாக இதுதான். கொல்லப்பட்ட மாட்டின் தோலை விலக்கி, தானாக இறந்ததன் தோலை மட்டும் கொள்ளலாம் என்றார். வார்தாவருகே அதற்கென்றே தோல்பதனிடும் நிலையமும் நடந்தது. 1912இல் பாலை விட்டு, பின்னர் நோயின்போது, தம் விரதத்தில் நினைத்திருந்தவை பசுவும் எருமையுமே என்று ஆட்டுப்பாலுக்கு இசைந்ததும், அது விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டது என்று பின்னர் வருந்தியதும் அவரே. செருப்புக்குக் காந்தியின் கோடு போதும். வலந்தலையின் மெல்லிய தோலுக்கு அது போதுமா என்று கேட்டால் கைவினைஞர் தயங்குவார்.

சட்டத்தின் வழியாகக் கோடு கிழிக்க முயன்றவர் கலாக்ஷேத்திராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 உருவாக வழிவகுத்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அதே கலாக்ஷேத்திராவில் பட்டுப்புடவை நெய்யப்பட்டது. தோல் மூட்டிய மிருதங்கத்துக்கு மாணவர்கள் ஆடினர். அவரை இரட்டைவேடம் என்று குற்றம் சாட்டுவது எளிது, பயனற்றதும்கூட. வதை என்பது கண்முன் நிகழும் கொடுமை என்று கருதிய தலைமுறையின் எல்லை அது. மதம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வதைக் குற்றமாகக் கொள்ளாத 28ஆம் பிரிவும் அச்சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அச்சட்டத்தின் கீழ்தான் 2017 மே 23 அன்று கால்நடைச் சந்தை விதிகள் வெளியாயின. சந்தையில் கொலைக்கு மாடு விற்பதை அவை தடுத்தன. மே 30 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இது தொலைவான டெல்லிச் செய்தி அன்று. பொள்ளாச்சிச் சந்தையின் மாடுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளம் செல்கின்றன. தேனிப் பக்கத்து மாடுகள் குமுளி வழியாக ஏறுகின்றன. 1956க்கு முன் கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒரே சென்னை மாகாணம். பின்னர் தமிழ்நாடு 1976 ஆணையால் பசுவையும் கிடாரியையும் வெட்டுவதைத் தடுத்தது. கேரளத்தில் அத்தகைய முழுத்தடை இல்லை. இதனால் ஒரே மாடு வாளையாற்றுக்கு இப்புறம் ஒரு சட்டத்தின்கீழும் அப்புறம் மற்றொன்றின்கீழும் நிற்கிறது. அதன் தோலிலிருந்து வரும் நாதம் மட்டும் இரு மாநில மேடைகளுக்கும் பொது.

2020 தொடக்கத்தில் இவ்வளவும் வெளிச்சத்துக்கு வந்தது. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்திரா அரங்கம் முதலில் அனுமதிக்கப்பட்டு, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பசுவின் தோல் மேடையில் இருப்பது எவருக்கும் இடையூறாக இருந்ததில்லை. அது எங்கிருந்து, எவர் கையால் வந்தது என்று அச்சில் கூறியதுதான் இடையூறாயிற்று.

தோலைவிட்டுத் தேனுக்கு வந்தால் கோடு வேறு திசையில் வளைகிறது. பாலக்காட்டு நகரத்திலேயே ஜைனிமேட்டில் சந்திரப்பிரபருக்குப் பழைய சமணக் கோயில் உண்டு. சமணர் கள்ளோடும் ஊனோடும் சேர்த்துத் தேனையும் விலக்கியவர்கள். பாலும் நெய்யும் அவர்களுக்குத் தடையில்லை. அருகிலிருக்கும் அக்ரகாரக் கோயிலில் தேன் அபிடேகப் பொருள். நனிசைவருக்குத் தேனும் பாலும் இரண்டுமே ஆகா. அகிம்சை என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று எல்லைகள்! இடுக்கி மலைகளிலோ முதுவர், மன்னான், பளியர் ஆகியோர் காட்டுத்தேன் எடுத்து வாழ்ந்தவர்கள். முதுவரும் மன்னானும் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியதாகத் தம் வாய்மொழி மரபில் கூறுவர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களின் பட்டியலில் தேன், மெழுகு, அரக்கு, பட்டுக்கூடு ஆகியவற்றைப் பெயர் சுட்டிச் சேர்த்திருக்கிறது. நனிசைவம் சுரண்டல் என்று வகைப்படுத்தும் பொருள்களை இச்சட்டம், நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை என்று வகைப்படுத்துகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா என்பது ஐயமே.

தோலுக்கு மாற்று இல்லையா எனில், உண்டு. மேலைநாட்டு முரசுகள் 1957ஐ ஒட்டிக் கன்றுத்தோலிலிருந்து பாலியெஸ்டர் படலத்துக்கு விரைவாக மாறிவிட்டன. காரணம் கருணை அன்று, மழைக்காற்றில் தளரும் தோலின் தொல்லை. மிருதங்கம் அவ்வளவு எளிதில் மாறாததற்கு அதன் இயற்பியலே காரணம். சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் விளக்கியபடி, நடுவில் பூசிய கரணையின் எடைதான் தாறுமாறான மேற்சுரங்களை இசையொழுங்குக்குக் கொண்டுவருகிறது. கருநிறக் கல்லின் பொடியும் சோறும் பிசைந்த அப்பூச்சும், அதைத் தாங்கும் தோலடுக்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. பெங்களூரைச் சேர்ந்த பாடகரும் பொறியாளருமான கே. வரதரங்கன் இதை ஆராய்ந்து, கண்ணாடியிழைக் கட்டையும் செயற்கைப் படலமும் கொண்ட ‘ஸ்ரீ மிருதங்கம்’ அமைத்தார். அதில் விலங்கு இல்லை. பலாக்கட்டை இல்லை, வாரும் இல்லை, சுருதி கூட்டத் திருகாணிகளே உள்ளன.

தோல் மிருதங்கம் உயிருள்ள பொருள்போல ஓயாமல் தேயும். கரணை உதிரும், தட்டு கிழியும், வார் தளரும். வித்துவான் திரும்பத் திரும்பக் கைவினைஞரிடம் சென்றாக வேண்டும். அவர்களுக்கிடையே நின்ற உறவு, ஏற்றத்தாழ்வோடு கூடியதாயினும், இத்தேய்மானத்தால் நிலைத்தது. திருகாணி மிருதங்கத்துக்கு அந்தக் கைவினைஞர் தேவையில்லை. தோலைத் தொட்டதற்காக விலக்கப்பட்ட குடும்பம், தோல் இல்லாத கருவியாலும் விலக்கப்படுமானால், மாட்டின் கணக்கோடு அக்கணக்கையும் எழுத வேண்டும். செயற்கைப் படலத்தில் கரணை இடும் கலையைப் பெருவெம்பின் பட்டறைகளுக்கே கற்பித்து, கருவியின் உரிமையையும் அவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வழி ஒன்றும் இருக்கிறது. நனிசைவ விவாதங்களில் அது இன்னும் போதிய இடம் பெறவில்லை.