நூறு ரூபாயில் எழுபது காசு

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு எவ்வளவு உதவணும்? ஐநா 1970லேயே ஒரு எண் சொல்லிட்டது: தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம். நூறு ரூபாய் சம்பாதித்தால் எழுபது காசு. ஐம்பது வருஷம் தாண்டியும் பணக்கார நாடுகளின் சராசரி அதில் பாதியைச் சுற்றியே நிற்கிறது. ஏன்னு தேடினப்போ கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இந்த எண் எங்கிருந்து வந்துச்சு? 1958இல் உலகத் திருச்சபைகள் மன்றம் ஒரு சதவீதம் என்றது. பணக்கார நாடுகள் அதை ஏற்றபோது தனியார் முதலீட்டையும் சேர்த்தே கணக்குப் பார்த்தன. தனியார் பணத்துக்கு அரசு எப்படி வாக்குக் கொடுக்கும்? அதனால் அரசுப் பணத்துக்கு மட்டும் தனி இலக்கு வேணும்னு பேச்சு வந்தது. பொருளாதார அறிஞர் யான் டின்பெர்கன் 0.75 என்றார். உலக வங்கி கேட்டு, லெஸ்டர் பியர்சன் தலைமையில் அமைந்த குழு 1969இல் 0.7 என்று முடித்தது. கெடு 1975, தள்ளிப்போனாலும் 1980. அடுத்த வருஷம் ஐநா பொதுச்சபை அதைத் தீர்மானமாக்கியது.

பியர்சன் கனடாவின் முன்னாள் பிரதமர். கனடா இன்றுவரை 0.7ஐத் தொட்டதே இல்லை. அமெரிக்கா இலக்கையே ஏற்கவில்லை. 1970களில் தொட்டவை சுவீடன், நெதர்லாந்து, நார்வே, டென்மார்க். அவ்வளவுதான்.

பனிப்போர் இருந்தவரை, யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்ற பயம் பணத்தை ஓட வைத்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் சராசரி 1992இல் 0.33இலிருந்து 1997இல் 0.22க்கு இறங்கிடுச்சு. அந்த ஐந்து வருஷத்தில் உலகின் ஏழ்மை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடவில்லை. குறைஞ்சது கொடுப்பவர்களின் பயம்.

அப்புறம், எதை உதவி என்று எண்ணுவது? தன் நாட்டுக்கு வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவையும் உதவிக் கணக்கில் எழுதலாம் என்பது விதி. ஜெர்மனி 2016இல் 0.7ஐத் தொட்டது இப்படித்தான். அந்த வருஷத் தொகையில் ஏறத்தாழ கால்பங்கு ஜெர்மனிக்குள்ளேயே செலவானது. அகதிகளுக்குச் சோறும் கூரையும் கொடுப்பது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் மலாவியில் ஒரு கிணறும் வெட்டப்படாது.

பிரிட்டன் கதைதான் எனக்கு ரொம்ப நேரம் மனசில் நின்றது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் கொடுத்த உதவி, ஆயுத வியாபாரத்தோடு பின்னியிருந்தது. அந்த உதவி சட்டவிரோதம் என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த அவமானத்துக்குப் பிறகு, உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பு என்று 2002இல் சட்டம் வந்தது. 2013இல் 0.7ஐத் தொட்டார்கள், 2015இல் அதையும் சட்டமாக்கினார்கள்.

சட்டமே வந்தாச்சு, இனி நகராதுன்னு தோணும். ஆனால் 2021இல் 0.5 ஆனது. 2027இல் 0.3 ஆகும், அந்தப் பணம் ராணுவத்துக்குப் போகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். சட்டம் ரத்தாகவில்லை. அதைப் படித்துப் பார்த்தால் காரணம் புரியுது: இலக்கு தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை வைத்தால் போதும். வேறு தண்டனை கிடையாது.

அதே வருஷம் ஜூலை 1 அன்று, 1961இல் கென்னடி தொடங்கிய யுஎஸ்எய்டும் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. அதற்கு முன்பே, ஜனவரியில் பணத்தை நிறுத்தியதும் ஆப்பிரிக்காவில் ஹெச்ஐவி மருந்து கொடுத்துவந்த பல மையங்கள் கதவைச் சாத்தியிருந்தன. அங்கே வரிசையில் நின்றவர்களுக்கு வாஷிங்டனிலோ லண்டனிலோ ஓட்டு இல்லை. வாக்கு தவறினால் கேள்வி கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை. இந்த எண் இவ்வளவு வருஷமாக வெறும் எண்ணாகவே இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.