சொல்லக் கூசும் நோய்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் வரலாற்றைக் கோப்பிக்காடு தேயிலைக்காடாக மாறிய கதையாகவே எழுதி வந்துள்ளோம். அந்தத் தேயிலையை வளர்த்த உழைப்பாளியின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நாம் புரட்டக் கூசும் பக்கம் ஆண்குறிப் புற்றுநோய்.

லயன்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயாளரை அறிந்து வைத்தியசாலைக்கு அனுப்புவதும் துரைமாரின் கடமை என 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் விதித்தது. ஆனால் லயத்து மக்கள் குளித்ததோ பலருக்கும் பொதுவான திறந்த பீலியில். முன்தோல் பின்னுக்கு வராமல் அதனடியில் அழுக்குச் சேருவோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். புகையிலையும் பாப்பிலோமா வைரசும் பிற காரணங்கள். மறைவிடத்தைக் கழுவ ஒரு மறைவான இடம் இல்லாத வாழ்வை, தனிமனிதனின் அசுத்தம் என்று பழிப்பது நியாயமா?

நெடுங்காலம் சத்திர சிகிச்சை அறிந்த வழி வெட்டி நீக்குவதே. புண்ணைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் நல்ல தசையையும் சேர்த்து அகற்றுவது விதி. பலருக்கு உறுப்பே எஞ்சவில்லை. விதைப்பையின் கீழ் அமைத்த துவாரத்தின் வழியே, குந்தியிருந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். இழந்ததை மீண்டும் ஆக்கவும் மருத்துவர் முயன்றனர். 1936இல் சோவியத் மருத்துவர் பொகராஸ் வயிற்றுத் தோலைக் குழாயாகச் சுருட்டி உறுப்பமைத்தார். 1984இல் சீன மருத்துவர்கள் சாங், ஹுவாங் இருவரும் முன்கைத் தோலை இரத்தக் குழாய்களோடு எடுத்து அமைத்தனர்.

பின்னர் அந்தப் பழைய விதியே தளர்ந்தது. சில மில்லிமீற்றர் போதும் என்று ஆய்வுகள் காட்டின. இன்று ஆரம்பத்திலேயே வருபவருக்கு மொட்டின் தோலை மட்டும் உரித்தோ, மொட்டை மட்டும் நீக்கியோ, தொடைத்தோலை ஒட்டிவிடுகிறார்கள். உறுப்பு நிலைக்கிறது, அவர் நின்று சிறுநீர் கழிக்கலாம், இல்லறமும் பெரும்பாலும் குலைவதில்லை. நோய் ஆழ வேரூன்றினால் கத்தியும் ஆழப் போகும். அரையின் நெறிகளுக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே காலந்தான் மருந்து. அந்தக் காலத்தைத் திருடுவது எது? அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. பதுளையில் பெரியாஸ்பத்திரி உண்டு. மகரகமையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. ஆனால் நாட்கூலிக்காரன் பெரட்டுக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. அதனினும் கொடியது வெட்கம். மேகப்புண் என்று பழி வருமோ எனப் பயந்து, மனைவிக்கும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைப்பவன் தன் உறுப்பையே இழக்கிறான்.

ஆறாத புண், தடிப்பு, கசிவு என்றால் உடனே வைத்தியரிடம் காட்டு என்று வகுப்பறையில் ஆசிரியரும் சங்கக் கூட்டத்தில் தோழரும் கூசாமல் சொல்லட்டும். வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்குக் கூலியும், ஒவ்வொரு லயத்துக்கும் கதவுள்ள குளியலறையும் கேட்போம். தோலை ஒட்டக் கற்ற விஞ்ஞானம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது.